வெயிலுமுத்துவின் விடாத பிடி

வெயிலுமுத்து பிடித்தால் பிடி விடாது என்று தேரிக்காட்டு ஊர்களில் சொன்னது அவனுடைய கபடி ஆட்டத்தைப் பற்றி மட்டுமாக இருந்த காலம் ஒன்று உண்டு. அப்போது அவன் கீழக்கள்ளிவிளை அணிக்கு இடது கார்னரில் நின்றான். அதற்கு முந்தின வருஷம் உப்பளத்தூருக்கு நின்றான், அதற்கும் முந்தி வேறொரு ஊருக்கு, அதற்கும் முந்தி இன்னொன்றுக்கு. எந்த ஊரிலும் ஒரு பருவத்துக்கு மேல் நின்றதில்லை. கூட்டி வந்து ஆடவைக்கும் வெளியூர் ஆட்டக்காரனை அந்தப் பக்கத்தில் கெஸ்ட்டு என்பார்கள். தேரி மணல் ஆறிக் கிடக்கிற தை மாசத்தில் கெஸ்ட்டை அழைத்து வந்து, கிளப் வீட்டில் குடிவைத்து, வாழைமண்டியில் தார் இறக்கவோ உப்பளத்தில் காவல் இருக்கவோ ஒரு வேலையும் கொடுத்து, ஆவணி மாசத்து அம்மன் கொடைத் திருவிழா வரைக்கும் ஆடவைப்பார்கள். கொடை முடிந்த மறுநாள் மைதானத்தில் நிறுத்தி, மாலை போட்டு, துண்டு போர்த்தி, போட்டிருந்த பனியனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். கழுத்தில் மாலை விழுந்தால் போகச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். வெயிலுமுத்துவின் கழுத்தில் அதுவரை ஏழு மாலை விழுந்திருந்தது.

அவனுக்கும் சொந்த ஊர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. நொச்சிவிளை என்று பெயர். ஒரு ஆடிக் காற்றில் தேரி மணல்மேடு நகர்ந்து வந்து அந்த ஊரின் மேல் படுத்துக்கொண்டது, பிறகு எழுந்திருக்கவில்லை. ஜனங்கள் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போனார்கள். வெயிலுமுத்து போன திசையில் கபடி இருந்தது.

பார்க்கிறதற்கு அவனிடம் விசேஷமாக ஒன்றும் கிடையாது. உயரம் கம்மி, பேச்சு அதைவிடக் கம்மி. போஸ்டரில் போடுவதெல்லாம் எதிர்க்கட்டத்துக்குள் பாடிக்கொண்டு போகிறவன் படத்தைத்தான். மூலையில் குனிந்து நின்று கணுக்காலைப் பிடிக்கிறவன் படத்தை எவன் போடுவான்? சின்ன வயசில் முறிந்து கோணலாகக் கூடிய வலதுகைக் கட்டைவிரல் ஒன்றுதான் அவனுடைய சொத்து. அந்தக் கோணல் ஒருவன் கணுக்கால் எலும்பின் பின்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டால் பூட்டு விழுந்த மாதிரி. பாடி வந்தவன் மூச்சு முட்டி, பாட்டு நின்று, நடுவர் ஊதின பிறகுதான் அது திறக்கும்.

கீழக்கள்ளிவிளையில் அது திறக்கவில்லை.

மாசி மாசம் நடந்த ஒரு போட்டியின் இறுதி ஆட்டத்தில் வேம்படியூர்க்காரன் தவசிக்கனியைப் பிடித்துப் போட்டுவிட்டு, ஊர் கோப்பையைத் தூக்கிக்கொண்டு மேளத்தோடு போக, வெயிலுமுத்து வழக்கம் போல மறுநாள் காலை மண்டிக்கு வேலைக்குப் போனான். தோளில் தாரோடு வரும்போது தவசிக்கனி சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து நின்றான். பனை ஏறுகிறவன், இளவட்டம், சண்டைக்கு வந்த முகம் இல்லை.

"அண்ணாச்சி, நேத்து என்னையப் பிடிச்சீங்கள்லா?"

"ஆமா."

"இன்னும் விடலியே."

"ரெண்டு கையும் இங்க தார்ல இருக்கு, தம்பி."

"எனக்கும் கண்ணு தெரியுது. நீங்க கொஞ்சம் இதத் தொட்டுப் பாருங்க."

வெயிலுமுத்து தாரை இறக்கிவிட்டுக் குனிந்து தொட்டான். கண்ணுக்கு நாலு விரலும் ஒரு கட்டைவிரலும் பதிந்த தடம் மட்டும் தெரிந்தது. தொட்டால் கதகதப்பாக ஒரு கை அங்கே இருந்தது. கட்டைவிரல் கோணலாக இருந்தது. தெருவில் எதிரே வருகிறவன் தன்னுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்தவனைப் போல அவனுக்குக் கூச்சமாகிவிட்டது.

"வலிக்கா?"

"வலியெல்லாம் இல்ல. ஆனா ராத்திரி எங்க வீட்டுக்காரி ஒரு மாதிரியா பாக்கா. கட்டில்ல கால்மாட்டுல இன்னொரு ஆம்பள கை கெடக்குன்னா எவதான் படுப்பா?"

"துண்டைப் போட்டு மூடிக்கிட்டுப் படு," என்றான் வெயிலுமுத்து. வேறு வழி அவனுக்குத் தெரியவில்லை. தவசிக்கனி அப்படியே செய்தான். அதற்குப் பிறகு பிடிபட்டவர்கள் எல்லோருமே ராத்திரியில் காலில் துண்டு சுற்றிக்கொண்டு படுத்தார்கள், அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

பெரியாஸ்பத்திரி டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு வீக்கம் இல்லை, வெந்நீர் ஒத்தடம் கொடு என்றார். ஒத்தடம் கொடுத்ததில் கைக்கு இன்னும் சுகமாக இருந்ததே தவிர அது போகவில்லை. தவசிக்கனியின் அம்மா கோயிலில் கயிறு வாங்கிக் கட்டினாள். கயிறும் கையும் ஒன்றுக்கொன்று தொந்தரவில்லாமல் ஒரே காலில் இருந்தன. பிறகு பங்குனி மாசத்தில் ஒருநாள் தவசிக்கனி பனை உச்சியில் பாளை சீவும்போது மட்டை முறிந்து கை நழுவியது. அவன் விழவில்லை. கணுக்காலை எதுவோ இறுக்கிப் பிடித்திருக்க, தலைகீழாக, வௌவாலைப் போல, கீழே ஆட்கள் ஏணியும் கயிறும் கொண்டுவருகிற வரைக்கும் பனையில் தொங்கிக்கொண்டிருந்தான். தொங்கிய நேரத்தில் ஊர்க்காரர்களோடு பேசிக்கொண்டும் இருந்தான் என்று சொல்கிறார்கள். அன்றைக்கு அந்தக் கைக்கு மரியாதை வந்தது.

அதற்குப் பிறகு வெயிலுமுத்து எந்த ஊருக்கு ஆடப் போனாலும் அவன் பிடித்த கால்களில் எல்லாம் அவன் பிடி தங்கியது. அவன் பஸ் ஏறி அடுத்த ஊர் போனாலும் பிடி அங்கேயே இருந்தது. ஜனங்கள் அதை ஆராய்ச்சி பண்ணிக்கொண்டு உட்காரவில்லை, அவரவர் வேலைக்கு எப்படி ஆகும் என்றுதான் பார்த்தார்கள். செருப்புக்கடைக்காரர்கள் வலது காலுக்கு வார் ஒரு துளை தள்ளிப் போட்டார்கள். உப்பு லாரி ஓட்டுகிறவன் வளைவில் மிதிக்கப் போனால் கணுக்காலில் ஒரு இழுப்பு விழுந்தது, லாரி நிதானமாகத் திரும்பியது. கடலில் அலை வாரிக்கொண்டு போன ஒருவன் கரையைப் பார்க்கக் காலை நீட்டிக்கொண்டு பின்பக்கமாக வந்து சேர்ந்தான். பெண் கொடுக்கிற வீடுகளில், வேலை என்ன, நிலம் எவ்வளவு என்று கேட்டு முடித்த பிறகு, "மாப்பிள்ளை பிடிபட்டவரா?" என்று ஒரு கேள்வி கூடுதலாக வந்தது, ஆமாம் என்றால் மாப்பிள்ளை வேட்டியைக் கொஞ்சம் தூக்கித் தடத்தைக் காட்ட வேண்டும், பெண்ணின் தாய்மாமன் தொட்டுப் பார்த்து, "கோணல் விரல் இருக்கு, அசல்தான்," என்று சொல்ல வேண்டும்.

ஏன் இந்தக் கேள்வி என்றால், பிடியின் குணம் அப்படி. வேலைக்குப் போ, சந்தைக்குப் போ, துபாய்க்கே கூடப் போ, கை ஒன்றும் சொல்லாது, காலோடு கொலுசைப் போலத் தளர்ந்து கூட வரும். இனித் திரும்பி வரமாட்டேன் என்று மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டு கிளம்புகிறவனை மட்டும் எல்லை தாண்ட விடாது. உப்பளத்தூரில் ஒருவன் பெண்டாட்டியையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு மும்பைக்கு ஓடப் போய், ரயிலடியிலிருந்து எல்லோரும் பார்க்க மல்லாந்து வழுக்கிக்கொண்டே தன் வீட்டு வாசல் வரைக்கும் வந்தான், டிக்கெட் பரிசோதகர் ஒதுங்கி வழிவிட்டார். நியாயமான காரணத்தோடு ஊரை விட்டே போக வேண்டியவர்களும் இருந்தார்கள். அவர்கள் வெயிலுமுத்து எந்த ஊரில் ஆடுகிறான் என்று விசாரித்துத் தேடிப் போவார்கள். அவன் ஒன்றும் கேட்கமாட்டான்; குனிந்து அந்தக் கணுக்காலை இரண்டு தட்டுத் தட்டுவான், பிடி விட்டுப் போகும். ஆட்டத்தில் நடுவர் ஊதின பிறகு தட்டி எழுப்பிவிடுவானே, அந்த மாதிரி.

ஊர் உள்ளவனை அவன் ஊருக்குத்தான் அந்தக் கை இழுத்தது. ஊர் இல்லாதவனை என்ன செய்யும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

இத்தனை பேரும் புகழும் வந்த பிறகாவது ஏதாவது ஒரு ஊர் அவனை நிறுத்திக்கொண்டதா என்றால், இல்லை. முன்பு ஒரு பருவம் வைத்திருந்தவர்கள் இப்போதும் ஒரு பருவம்தான் வைத்திருந்தார்கள். தை மாசத்தில், "வெயிலு, எங்க பயலுவளையெல்லாம் ஒரு பிடி பிடிச்சு விட்ரும்," என்று கூட்டிப்போவார்கள். காலையிலும் மாலையிலும் ஊர் இளவட்டம் வரிசையில் நின்று பாடி வந்து பிடிபடும். ஆவணிக்குள் பிடிக்க வேண்டிய கால் எல்லாம் பிடித்தாகிவிடும். பிறகு அவன் எதற்கு? மாலை வரும்.

இதில் கசந்துபோனவள் அவன் பெண்டாட்டி சந்தனமாரி. அவள் நன்றாகச் சிரிப்பாள், நன்றாகச் சண்டையும் போடுவாள், புருஷனுக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள். எந்த ஊர் கிளப் வீட்டுக்குப் போனாலும் முதல் காரியமாகக் கழுவுகிற தண்ணீர் ஓடும் இடம் பார்த்து ஒரு கறிவேப்பிலைக் கன்று வைப்பாள். கறிவேப்பிலை லேசில் கிளம்பாது, முதல் வருஷம் கோபித்துக்கொண்டு நிற்கும். அது கோபம் தீர்ந்து தளிர்க்கிற சமயத்தில் இவர்கள் பஸ்ஸில் இருப்பார்கள். "ஊர் ஊரா எவஎவளோ எங் கொழையில ரசம் தாளிக்கா," என்பாள் சந்தனமாரி. "எஞ் சட்டிக்கு மட்டும் கடைக் கொழ." இதுவரை தான் வைத்த செடியில் அவள் ஒரு இணுக்குக்கூட ஒடித்ததில்லை.

பதினோராவது ஊராக ஒத்தப்பனைவிளைக்கு வந்தபோது வெயிலுமுத்துவின் வலது முழங்கால் போய்விட்டிருந்தது. குனிந்தால் சத்தம் கேட்டது. இனி அடுத்த தை மாசம் யாரும் கூப்பிட வரமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும், சந்தனமாரிக்கும் தெரியும். அந்த ஊர் மண்ணில் என்ன இருந்ததோ, அவள் வைத்த கன்று மட்டும் கோபித்துக்கொள்ளாமல் சித்திரைக்குள் முழங்கால் உயரம் வந்து நின்றது. அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஆசை வந்துவிட்டது. "இங்கயே கெடந்துருவோமே," என்றாள். "ஒங்க தலைவர்ட்ட ஒரு வார்த்த கேளுங்களேன்."

"எதச் சொல்லிக் கேக்கது? நமக்கு இங்க தலைக்கட்டு இல்லியே."

அந்த ஊர்களில் தலைக்கட்டு என்றால் அம்மன் கோயிலுக்கு வரி கொடுக்கிற குடும்பம். வரி கேட்டு ஒரு வாசலில் வந்து நின்றார்கள் என்றால் அது ஊரின் வீடு; அந்த வீட்டுக்குக் கொடைச்சோற்றில் பங்கு உண்டு, பேச்சில் பங்கு உண்டு, செத்தால் தூக்க ஆள் உண்டு. கிளப் வீட்டு வாசலில் யாரும் வரி கேட்டு நிற்பதில்லை. வரிக்காரர்கள் அந்த வாசலைத் தாண்டி அடுத்த வாசலுக்குப் போவார்கள். பதினோரு ஊரிலும் அவர்கள் தாண்டிப் போவதை சந்தனமாரி உள்ளே இருந்து பார்த்திருக்கிறாள்.

ஒத்தப்பனைவிளை கிளப்புக்கும் கோயிலுக்கும் ஒருவரேதான் தலைவர், ரைஸ்மில் ஆதிலிங்கம். கெட்டவர் இல்லை. ஊருக்கு ஆதாயம் என்றால் சட்டென்று சட்டம் சொல்லிவிடுவார், அவ்வளவுதான். வைகாசியில் அவருக்கு அப்படி ஒரு சந்தர்ப்பம் வந்தது. வெளியூர் அணி ஒன்றுக்குக் கெஸ்ட்டாகப் பாட வந்த செல்வசிங் என்ற பையனை வெயிலுமுத்து இடது மூலையில் வைத்துப் பிடித்தான். தாய் தகப்பன் இல்லாமல் ஹாஸ்டலில் வளர்ந்த பையன், ஊர் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது, ஆனால் மான் மாதிரிப் பாய்வான். ஆட்டம் முடிந்து தன் அணியோடு வேனில் ஏறினான். வேன் புறப்பட்டது, அவன் மட்டும் பின்கதவு வழியாக மணலில் வந்து உட்கார்ந்தான். மூன்று தடவை ஏற்றினார்கள், மூன்று தடவையும் அவன் உட்கார்ந்த வாக்கில் ஒத்தப்பனைவிளைக்கே திரும்பி வந்தான். இழுக்கிறதற்கு அவனுக்கு வேறு ஊர் இல்லாததால் பிடிபட்ட மண்ணுக்கே கை அவனை இழுத்தது.

நல்ல பாட்டுக்காரன் சும்மா கிடைக்கிறான் என்றதும் ஆதிலிங்கம் அன்றைக்கே கோயில் வாசலில் கூட்டம் போட்டார்.

"கை பொய் சொல்லாது," என்றார். "அது ஒருத்தன இந்த மண்ணுல பிடிச்சு நிறுத்துதுன்னா அவன் இந்த ஊர்க்காரன். பயலுக்குத் தலைக்கட்டு குடுக்கோம். யாருக்காவது மறுப்பு உண்டுமா?"

யாருக்கும் மறுப்பு இல்லை. செல்வசிங் அந்த வருஷமே வரி கொடுத்தான். வெயிலுமுத்து கூட்டத்தின் ஓரத்தில் முழங்காலைத் தடவிக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தான். தான் பிடித்த பையனுக்கு ஊர் கிடைத்ததில் அவனுக்குச் சந்தோஷம்தான். வேறு ஒன்றும் அப்போது அவன் மனசில் ஓடவில்லை. மூலையில் நிற்கிறவனுக்கு எதிரே வருகிறவன் கால் மட்டுமே தெரியும், தன் கால் தெரியாது.

ஆவணிக் கொடை வந்தது, முடிந்தது. மறுநாள் சாயங்காலம் சந்தனமாரி சாமான்களைக் கட்டினாள். அம்மியைச் சாக்கில் சுற்றினாள், ஏழாம் நம்பர் பனியனை அவன் மாட்டிக்கொள்ள எடுத்துவைத்தாள், ஏனென்றால் போட்டிருந்து கழற்றிக் கொடுப்பதுதான் வழக்கம். பிறகு கறிவேப்பிலைச் செடிக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிவிட்டு அங்கேயே நின்றாள்.

"ஊரூராப் போயி ஊர்ப்பயலையெல்லாம் பிடிச்சு நிறுத்துனீங்க," என்றாள். அழவில்லை, செடியிடம் சொல்வது போலச் சொன்னாள். "நம்மள யாரு பிடிக்கது?"

வெயிலுமுத்து மைதானத்துக்குப் போகிற வழியில் இரண்டு தடவை நின்று, குனிந்து, தன் இடது கணுக்காலைப் பார்த்தான். கூட வந்தவர்கள் முள் குத்திவிட்டது என்று நினைத்தார்கள்.

மைதானத்தில் ஊர் கூடியிருந்தது. ரோட்டோரத்தில் திருச்செந்தூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது, கூரையில் அம்மியும் பெட்டியும் ஏற்றியாகிவிட்டது. ஆதிலிங்கம் மாலை போட்டார், துண்டு போர்த்தினார், "நம்ம பிள்ளைகளுக்கெல்லாம் காவல் வச்சுட்டுப் போறாரு," என்று இரண்டு வார்த்தை பேசினார், பனியனுக்காகக் கையை நீட்டினார்.

வெயிலுமுத்து மாலையைக் கழற்றிச் சந்தனமாரியிடம் கொடுத்தான். பனியனைக் கழற்றவில்லை.

"ஒரு பிடி பாக்கி இருக்கு, தலைவரே."

"யார வே? எல்லாரையும் பிடிச்சாச்சே."

"ஒருத்தன் நிக்கான்." நடுவரைத் திரும்பிப் பார்த்தான். "ரெபரி அண்ணாச்சி, விசில் இருக்கா?"

நடுவர் சிவனணைஞ்சான் உப்பளத்தில் கங்காணியாக இருந்து ஓய்ந்தவர். கோட்டில் நூல் கனம் தப்பினாலும் ஊதிவிடுவார். சொந்த மகனைத் தொடர்ந்து மூன்று தடவை அவுட் கொடுத்து வீட்டில் சோறு கிடைக்காமல் கிடந்தவர். விசில் எப்போதும் அவர் கழுத்தில்தான் இருக்கும். என்ன நடக்கப் போகிறது என்பது அவருக்குத்தான் முதலில் புரிந்தது.

"விட்டுக்குடுத்து ஆடுனா ஊதமாட்டேன்," என்றார்.

"விட்டுக்குடுத்து எனக்குப் பழக்கம் இல்ல அண்ணாச்சி."

வெயிலுமுத்து நடுக்கோட்டைத் தாண்டி எதிர்க்கட்டத்துக்குப் போனான். வாழ்நாளில் அவன் பாடிப் போனதே கிடையாது. மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, திரும்பி, இத்தனை வருஷம் தான் காத்து நின்ற பக்கத்தைப் பார்த்து, கபடி கபடி கபடி என்று பாடிக்கொண்டு உள்ளே வந்தான். கூட்டம் சிரித்தது. நொண்டி முழங்காலோடு வலப்பக்கம் ஒரு ஓட்டம் காட்டினான், நடுவில் ஒரு ஏமாற்றுக் காட்டினான், பிறகு இடது மூலைக்கு, அவன் எப்போதும் நிற்கிற இடத்துக்கு, இடது காலை நீட்டித் தொட வந்தான். அவன் கால் மண்ணில் பட்ட அதே நொடியில் அவன் கைகள் இரண்டும் கீழே இறங்கி அந்தக் கணுக்காலைக் கவ்வின, கோணல் கட்டைவிரல் எலும்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது, அவன் மணலில் விழுந்தான்.

விழுந்தவன் சும்மா கிடக்கவில்லை. கபடி கபடி என்று பாட்டை விடாமல் நடுக்கோட்டைப் பார்த்து, முழங்கையால் மணலைத் தோண்டி, தோளால் உந்தி, பிடிபட்ட காலை உதறி உதறி இழுத்துக்கொண்டு வந்தான். வந்தவனை அதே ஆளின் கைகள் அந்த மூலைக்கே இழுத்தன. பதினோரு ஊரிலிருந்து அவனை அனுப்பியது எதுவோ அது அவனை முன்னால் தள்ளியது, பதினோரு ஊரில் அவன் பிடித்த பிடி எல்லாம் சேர்ந்து பின்னால் இழுத்தது; அவன் ஓடுகிறவனுக்கும் வஞ்சகம் பண்ணவில்லை, பிடிக்கிறவனுக்கும் வஞ்சகம் பண்ணவில்லை. கூட்டத்தில் சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரத்தில் ஊர் இரண்டாகப் பிரிந்து, "வா, வா, கோட்டுக்கு வா!" என்று பாதி ஜனம் கத்தியது, "விடாத, விடாத!" என்று மீதி ஜனம் கத்தியது. பஸ் டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு ஏணியில் ஏறிப் பார்த்தார். சிவனணைஞ்சான் கோட்டருகே மணலில் ஒரு கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு, அவன் தலைக்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தபடி இருந்தார். ஒரு சாண் இருந்தது. அரைச் சாண் ஆனது. நாலு விரல்கடை ஆனது. அங்கே வெயிலுமுத்துவின் மூச்சு முடிந்தது, பாட்டு நின்றது.

சிவனணைஞ்சான் எழுந்து, கன்னத்து மணலைத் தட்டிவிட்டு, நீளமாக ஒரு விசில் ஊதினார்.

"பாடி வந்தவன் அவுட்டு," என்றார். "பிடி நல்ல பிடி."

வெயிலுமுத்து கைகளை எடுத்தான். இரண்டு கையையும் உயர்த்தி ஜனங்களுக்குக் காட்டினான். கணுக்காலில் கை இருந்தது.

"இது என்ன கூத்து வே," என்றார் ஆதிலிங்கம். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஏறும்."

"ஏறுதேன் தலைவரே," என்று அவன் மரியாதையாகப் போய் ஏறினான், சந்தனமாரி மாலையும் கையுமாகக் கீழேயே நின்றாள். கண்டக்டர் டிக்கெட்டே கிழித்துக் கொடுத்தார். பஸ் நகர்ந்து, பிள்ளையார் கோயிலைத் தாண்டி, எல்லைக்கல்லைத் தொட்டது; அந்த இடத்தில் வெயிலுமுத்து இருக்கையிலிருந்து இறங்கி, நடுவழியில் உட்கார்ந்த வாக்கில், கம்பியைப் பிடித்து நின்றவர்களிடம் "கொஞ்சம் காலை எடுத்துக்கிடுங்க, கொஞ்சம் காலை எடுத்துக்கிடுங்க" என்று சொல்லிக்கொண்டே பின்பக்கமாக வழுக்கி, படியில் இறங்கி, ரோட்டில் புழுதி பறக்க மைதானத்துக்கு வந்து, தான் எப்போதும் நிற்கிற மூலையில் நின்றான். டிக்கெட் கையில் இருந்தது. அவனுக்குப் பின்னால் பஸ்ஸும் பின்வாங்கி வந்தது, அம்மியைக் கொடுத்துவிட்டுப் போக.

ஆதிலிங்கம் தலையைச் சொறிந்தார். சுற்றி நின்ற ஊரைப் பார்த்தார். ஊர் அவரைப் பார்த்தது. செல்வசிங் முன்னால் வந்து நின்று தன் கணுக்காலைச் சொறிந்துகொண்டான்.

"நீரே தட்டி விட்டுக்கிடலாம்லா வே?" என்றார் கடைசியில்.

"தட்டலாம்."

"பின்ன?"

"தட்டமாட்டேன்."

அவன் அவ்வளவு சத்தமாகப் பேசி அந்த ஊர் கேட்டதில்லை. சிவனணைஞ்சான் விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டே, "கை பொய் சொல்லாதுன்னு கோயில் வாசல்ல யாரோ சொன்னாவ," என்றார். "ஒருக்கா ஊதுனது ஊதுனதுதான். எனக்கு ஆளுக்கொரு சட்டம் தெரியாது."

ஜனங்கள் சிரித்தார்கள். ஆதிலிங்கமும் வேறு வழியில்லாமல் சிரித்தார், சிரித்த பிறகு அவருக்கே அது பிடித்துப்போயிற்று. நீட்டின கையை இறக்கி, "பனியன நீரே வச்சுக்கிடும்," என்றார். பிறகு சந்தனமாரியைப் பார்த்து, "ஏம்மா, ஒனக்கும் ஒரு பிடி பிடிச்சுவிடச் சொல்லவா?" என்று கேட்டார்.

"எனக்கெதுக்கு?" என்றாள் அவள். "நான் இருக்கணும்னு நெனச்சா இருப்பேன். நீங்க புதுக் கார்னர்க்காரனுக்கு வேற வீடு பாருங்க." சொல்லிவிட்டு மாலையை, ஊருக்குப் பெயர் கொடுத்து மைதான ஓரத்தில் நின்ற ஒற்றைப் பனையில் அடித்திருந்த கொக்கியில் மாட்டினாள். இளவட்டங்கள் அம்மியை இறக்கித் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனார்கள்.

வெயிலுமுத்து அதற்குப் பிறகு ஆடவில்லை. வாழைமண்டியில் வேலை பார்த்தான். பிடியை விடச் சொல்லித் தேடி வருகிறவர்களுக்கு இனி ஊர் ஊராய் அலைச்சல் இல்லை, நேராக ஒத்தப்பனைவிளைக்கு வந்தார்கள், அவர்களுக்குச் சந்தனமாரி காப்பி போட்டுக் கொடுத்தாள். ராத்திரியில் அவனும் மற்றவர்களைப் போலக் காலில் துண்டு சுற்றிக்கொண்டு படுத்தான். புருஷனுடைய கைதானே, எதற்கு மூடுகிறீர்கள் என்று அவள் அதை உருவிப் போட்டாள்.

அடுத்த ஆவணியில் வரிக்காரர்கள் மேளத்தோடு தெருவுக்குள் வந்தார்கள். சந்தனமாரி அடுப்பில் ரசம் கூட்டி வைத்திருந்தாள், தாளிக்க எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. மேளம் அடுத்த வீட்டு வாசலில் நின்று, கிளம்பி, அவள் வாசலுக்கு வந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மேளம் தாண்டிப் போகவில்லை.

"வெயிலுமுத்து தலைக்கட்டு!" என்று ஆதிலிங்கம் குரல் கொடுத்தார்.

"இருங்க, எண்ணெய் காஞ்சிட்டு," என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டவள், அவர்களைத் தாண்டி வெளியே ஓடி, இடுப்பு உயரம் வளர்ந்து நின்ற செடியில் ஒரு இணுக்கு ஒடித்துக்கொண்டு, திரும்ப அவர்களைத் தாண்டி உள்ளே ஓடினாள். எண்ணெயில் கறிவேப்பிலை வெடித்தது. மேளக்காரன் கையை நிறுத்திக்கொண்டான். அந்தச் சத்தம் அடங்கும்வரை ஊர் அவள் வாசலில் நின்றது.